மூன்றாம் மாடிக்கு ஏறிய பசு

எங்கள் தெருவில் மூன்றாம் மாடிக்கு மாடு ஏற்றிய ஒரே ஆள் நான்தான். மாடு மட்டும் இல்லை. அதோடு இரண்டு செம்மறி, ஒரு வெள்ளாடு, ஒரு கிழட்டு மரம், பாதி இடிந்த சுவர், இவற்றுக்கெல்லாம் மேலே மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய வானம். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி, பால்கனி வழியாக மேலே இழுத்தேன். தெருவே நின்று பார்த்தது. எதிர் டீக்கடையில் ஒருவர் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்து, பசு பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடித்தார்.

ரங்கூனில் பழைய கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர், கீரைக்கட்டு, பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன சோற்று டப்பா எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். படி அவ்வளவு செங்குத்து, அவ்வளவு குறுகல். கல்யாணத்தன்று என்னை மேலே ஏற்றியதே பெரிய காரியம் என்று என் மச்சான் இன்றும் சொல்வார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தாமுவேயில் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். அவர் எங்கள் வீட்டுக்கு வராமல் போனதுதான் இந்தக் கதையே.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். மூட்டை உள்ளே வரும்போது எண்ண வேண்டும், வெளியே போகும்போது எண்ண வேண்டும். இந்த அறிவை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்கும் போக முடியாது என்பதால் அங்கேயே இருந்தேன்.

அலோனில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள், நல்ல தேக்கு அலமாரி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மனைவி என்னை அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது அலமாரி போயிருந்தது. வழியில் ஒரு டீ குடித்ததுதான் தாமதத்துக்குக் காரணம். டீயோடு ஒரு ஆளும் பேசக் கிடைத்துவிட்டார். அந்த வீட்டு அம்மா வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிறவர். வெறும் சுவரில் அந்தப் பசுவும் வானமுமாக இந்தப் படம் மட்டும் மாட்டியிருந்தது. அதன் முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க, இத யாரும் கேக்கல" என்று பர்மிய மொழியில் சொன்னார். கதவைப் படுக்கவைத்த மாதிரி அவ்வளவு பெரிய படம். சைக்கார் என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் நான் உட்கார்ந்தேன், படம் என் மேல் உட்கார்ந்தது.

கீழே வந்து கயிறு கட்டும்போது மனைவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அலமாரி எங்க?"

"அலமாரிக்குப் பதிலா இது."

"இதுல துணி மடிச்சு வைக்க முடியுமா?"

"மாடு மேயும்."

"மேல வாங்க, நீங்களும் மேயலாம்."

அலமாரி வைக்க நினைத்த சுவரிலேயே படம் மாட்டப்பட்டது. துணிகள் அதற்குப் பிறகும் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன.

அந்தப் படத்தை நான் பார்த்த மாதிரி எந்தப் பாடப்புத்தகத்தையும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு பசு. செம்பட்டையும் வெள்ளையுமாக, மடி கனத்து நிற்கிறது. மேகத்தில் எங்கேயோ ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம் நேராக அந்தப் பசுவின் முதுகில் மட்டும் விழுகிறது. மற்ற எல்லாம் பழுப்பு, அப்புறம் கரும்பழுப்பு, அப்புறம் வெறும் இருட்டு. பிற்பாடு பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகக்காரரிடம் இதே மாதிரி மாடும் வானமுமாக இருந்த ஒரு படப் புத்தகத்தைப் புரட்டினேன். ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய பாணி என்றும், பரோக் என்று பெயர் என்றும் போட்டிருந்தது. வெளிச்சத்தை ஒரு இடத்தில் கொட்டிவிட்டு மிச்ச இடத்தை இருட்டில் விட்டுவிடுவார்களாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் அப்படித்தான் வரும். எதிர் வரிசை ஜொலிக்கும், எங்கள் வரிசை பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் படம் அசலா, அசலைப் பார்த்து யாரோ போட்டதா, அந்த நகலைப் பார்த்து வேறு யாரோ போட்டதா என்று எனக்குத் தெரியாது. எந்தக் கப்பலில் வந்தது, அந்த மாட்டுக்குச் சொந்தக்காரன் யார், படம் போட்டு முடிக்கும்வரை மாடு எப்படி நின்றது? கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவிலும் இதையே யோசிப்பேன். மூட்டைகள் இதனால் சற்றுக் குறைந்தும் கூடியும் போனதுண்டு.

ஆனால் எல்லாக் கேள்வியையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தப் பசு கழுத்தைத் திருப்பி, படத்தின் இடது மூலையைப் பார்க்கிறது. சும்மா பார்க்கவில்லை. காது இரண்டும் முன்னால் வந்திருக்கிறது. அந்த மூலையிலோ தார் பூசிய மாதிரி இருட்டு. அங்கே என்ன இருக்கிறது?

"கன்னு இருக்கு" என்றாள் மனைவி, முதல் நாளே. "மடியப் பாருங்க. இது கன்னத்தான் பாக்குது."

மச்சான் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். அவர் பார்த்தது மூலையை இல்லை.

"என்னா மாப்ள இது, திமில் எங்க?"

"அந்த ஊர் மாட்டுக்குத் திமில் கெடையாது மச்சான்."

"திமில் இல்லாம மாடா? எருமைக்கு வெள்ள அடிச்ச மாதிரி இருக்கு. எத்தன படி கறக்குமாம்?"

"நின்னுக்கிட்டே இருக்கு, இன்னும் யாரும் கறக்கல."

"அப்ப நம்ம ஊட்டு மாடுதான்" என்றார். அவருடைய மாடுகளும் அப்போது அப்படித்தான் இருந்தன. தீவனம் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

சில வருஷங்களில் ஊருக்குள் மாடு வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. மச்சான் முதலில் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டார். அங்கிருந்து சைக்கிளில் பால் வந்து சேருவதற்குள் பாலே களைத்துவிடும். கடைசியில் ஒரு மழைக்காலத்தோடு எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அதன் பிறகு அவர் டீக்கடைகளுக்கு டப்பாப்பால் கொண்டுபோய்ப் போடும் வேலைக்குப் போனார். அவர்கள் அப்பாவும் தாத்தாவும் பால்காரர்கள். டப்பாவோடு எங்கள் தெருவுக்கு வர அவருக்குக் கூச்சம். எதிர் டீக்கடைக்கு வேறு ஆளை அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது.

இதில் மனைவிக்கு ஒரே கவலை, மாட்டுப் பொங்கல். கல்யாணமான பிறகும் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அவள் தாமுவேக்குப் போய்விடுவாள். கொம்புக்கு வண்ணம் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி, பொங்கலைப் படைத்து, அண்ணனும் தங்கையும் தட்டைத் தட்டிக்கொண்டு மாட்டைச் சுற்றி வருவார்கள். வேறு எந்த நாளிலும் அவர்கள் இருவரும் பெரிதாகப் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசமாட்டார்கள். சுற்றுவார்கள், அவ்வளவுதான்.

"இந்த வருஷம் சுத்தலன்னா இனிமே எந்த வருஷமும் சுத்தமாட்டோம்" என்றாள். "அண்ணன் அப்படியே போயிடும்."

"கோயில்ல ஒரு மாடு நிக்குதே."

"அது ஊருக்கே பொதுவான மாடு. அதச் சுத்த அண்ணன் வராது."

நான் அப்போது சுவரைப் பார்த்தேன். ஒரு நல்ல யோசனை எனக்கு வருவது அபூர்வம் என்பதால் வந்தவுடன் சத்தமாகச் சொல்லிவிடுவேன்.

"நம்ம ஊட்லயே ஒரு மாடு நிக்குதே."

அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். எனக்கே பயமாக இருந்தது. நான் சொன்ன எதையும் அவள் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"கன்னோட இருந்தாத்தான் படைப்பேன்" என்றாள் கடைசியில். "கன்னு இல்லாத பசுவுக்கு எங்கப்பா ஒரு வருஷமும் படைச்சதில்ல. அந்த மூலையில கன்னு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா அண்ணனக் கூப்புடறேன்."

இப்படியாக, முந்நூறு வருஷத்து இருட்டுக்குள் ஒரு கன்றுக்குட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, மூட்டை எண்ணவே தடுமாறும் ஒருவனிடம் வந்தது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடியும் படச்சட்டமும் போடும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூன். பழைய படத்தின் இருட்டை எப்படிப் போக்குவது என்று அவரிடம் கேட்டேன்.

"வெங்காயத்த ரெண்டா வெட்டி, வெட்டின பக்கத்த வச்சுத் தேயிங்கண்ணே. புகைக்கறை எல்லாம் வந்துடும்."

"செஞ்சு பாத்திருக்கீங்களா பாய்?"

"எங்க வாப்பா சொல்லுவாக."

"அவங்க செஞ்சாங்களா?"

"அவுகளுக்கும் யாரோ சொன்னதுதான்."

இந்த அளவு ஆதாரம் எனக்குப் போதுமாக இருந்தது. கிடங்கிலிருந்து வந்ததும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மூலைக்கு முன்னால் உட்காருவேன். வெங்காயம் தேய்ப்பேன், ஈரத்துணியால் ஒற்றுவேன், கண்ணைத் துடைப்பேன். மாலை முழுவதும் கண்ணீர். கன்றுக்குட்டிக்காக இப்படி அழுத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிர் வீட்டுப் பர்மிய அம்மா என் மகளிடம் கேட்டாராம், அப்பாவுக்கு ஏதாவது துக்கமா என்று. என் மகளுக்குத் தமிழ் புரியும். பேசுவது பர்மிய மொழியில். பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு வந்து நின்று, வெங்காயத்துக்கு ஒருமுறை, படத்துக்கு ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள்.

துணி பழுப்பாகிக்கொண்டே வந்தது. அது அழுக்கா அல்லது படமேவா என்ற சந்தேகம் எனக்கு வராமல் இல்லை. ஒரு புதரைத் துடைத்தே எடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் நாள் அங்கே ஒரு புதர் இருந்த மாதிரி ஞாபகம்.

பிறகு ஒரு மாலை, இருட்டுக்குள்ளிருந்து வெளிறிப்போய் ஏதோ ஒன்று வந்தது. உருண்டையாக, சின்னதாக.

"குளம்பு" என்று கத்தினேன். மனைவி அரிசி களைந்த கையோடு ஓடி வந்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். குளம்புக்குப் பக்கத்தில் இன்னொரு உருண்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சற்றுச் சின்னதாக. வரிசையாக ஐந்து.

"இது விரலு" என்றாள்.

அடுத்த சில மாலைகளில் மிச்சமும் வந்தது. விரலுக்குப் பின்னால் பாதம், பாதத்துக்குப் பின்னால் அழுக்குக் கால்சட்டை, அதற்கு மேலே ஒரு தொப்பை. தொப்பைக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஒரு மேய்ப்பன். பக்கத்தில் கவிழ்ந்த ஜாடி. கன்றுக்குட்டி எதுவும் இல்லை.

மனைவி அந்த ஆளை வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் அந்த ஆளை.

"மாடு கன்னத் தேடல" என்றாள். "இவன் எப்ப எந்திரிப்பான்னு பாக்குது."

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படுத்திருக்கும் கோலத்தை யாராவது வரைந்திருந்தால், ஜாடி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருந்திருக்கும். இதை நானே சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது அவள் சமையலறைக்குப் போயிருந்தாள். சிரிப்பதற்காகப் போகவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருந்த வெல்லத்தைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் வேணா ஒரு கன்னு வரைஞ்சு ஒட்டிடறேன்" என்றேன்.

"வைக்கோல் கன்னு வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்."

பால்காரர் வீடுகளில் நடப்பது இது. கன்று செத்துப்போனால் தாய் பாலைச் சுரக்காது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பசுவுக்கு முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பாலை விடும். மனைவி சின்னப் பெண்ணாக இருந்தபோது கொட்டகையில் அப்படி ஒன்று நின்றதாம். வைக்கோலை அடைத்தது அவள் அண்ணன். அப்பா சொல்லித்தான் செய்தார். ஆனாலும் அந்தப் பசுவுக்குப் பால் வற்றும்வரை அவள் அண்ணனோடு பேசவில்லையாம். இதை அவள் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாத ஒரு கன்று அவள் வீட்டில் நின்றிருக்கிறது.

அண்ணனை அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். தாமுவேக்குப் போய், அவர் டப்பாப்பால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது, "மாட்டுப் பொங்கலுக்கு வாங்க மச்சான்" என்றேன்.

"மாடு எங்க இருக்கு, பொங்கல் வைக்க?"

"செவுத்துல இருக்கே."

"அந்தத் திமில் இல்லாததா?" என்றார். "படத்துக்குச் சோறு ஊட்டறதுக்கு நான் எதுக்கு? நீங்களே ஊட்டுங்க, நீங்க அதுக்குத்தான் சரி."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்து மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை.

பொங்கலன்று அவள் வழக்கம்போலப் பொங்கினாள். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கும், பால்கனியில் கரி அடுப்பை வைத்துப் பானையை ஏற்றினாள். "படைக்கறதுக்கு இல்ல, சாப்புடறதுக்கு" என்றாள், நான் கேட்காமலே. பானை பொங்கி வழிந்தபோது யாரும் குரல் கொடுக்கவில்லை. கீழே தெருவில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. எங்கள் கயிறு இரண்டு தரம் ஆடியது.

எட்டிப் பார்த்தேன். மச்சான் கீழே நின்றுகொண்டு, கயிற்று நுனியில் ஒரு துணிப்பையைக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இழுங்க மாப்ள."

இழுத்தேன். பை வரும் வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. மனைவி பையை அவிழ்த்தாள். உள்ளே மாட்டுக் கழுத்துச் சலங்கை. மாடுகளை விற்றபோது இதை மட்டும் கொடுக்கவில்லை போல.

"அத வச்சுக்க" என்று மச்சான் கீழே இருந்து சொன்னார். "நான் வரேன்" என்று சைக்கிளைத் திருப்பினார்.

"அண்ணே" என்றாள் மனைவி. பெரிய குரல் இல்லை. ஆனால் அவர் நின்றுவிட்டார். "பொங்கல் ஆறுது. மேல வா."

படியேறி வந்தவர் நேராகப் படத்திடம் போனார். மூலையில் தூங்குகிறவனைப் பார்த்தார். "மாப்ள எப்ப உள்ள போனீங்க?" என்றார். எனக்கு இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல் போனதில் அன்றைக்கும் வருத்தம், இன்றைக்கும் வருத்தம்.

"கன்னு இல்ல அண்ணே" என்றாள் மனைவி. "நான் படைக்கமாட்டேன்."

"கன்னு இல்லைன்னா அதுக்குப் பசிக்காதா?"

"அப்பா படைச்சதில்ல."

"அப்பா இருக்கறப்ப மாடு இருந்துச்சு" என்றார் மச்சான். மனைவி உள்ளே போய் இலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு ஒரு சிக்கல் வந்தது. மாட்டைச் சுற்ற வேண்டும். சுவரில் மாட்டிய மாட்டைச் சுற்ற முடியாது. பக்கத்துக் கட்டடத்துக்காரர் வீட்டுக்குள் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே நானும் மச்சானும் படத்தைக் கழற்றி, ஹாலின் நடுவில் இரண்டு நாற்காலிகளில் சாய்த்து நிறுத்தினோம். வந்த நாளுக்குப் பிறகு அது சுவரை விட்டு இறங்கியது அப்போதுதான். மனைவி சட்டத்தின் மேல் முனையில் சலங்கையைக் கட்டினாள். பசுவின் நெற்றியில் சந்தனம் வைக்கப் போய், நிறுத்தி, கண்ணாடி இல்லாத படம் என்பதால் எதிரில் தரையில் ஒரு பொட்டு வைத்தாள். இலையில் பொங்கல், கரும்புத் துண்டு, வாழைப்பழம். மச்சான் தட்டைத் தட்டினார். முன்னால் அண்ணன், பின்னால் தங்கை, அவளுக்குப் பின்னால் தொப்பையோடு நான், கடைசியில் இது எதற்கு என்று கேட்காத என் மகள்.

"பொங்கலோ பொங்கல்" என்று மச்சான் குரல் கொடுத்தார். அது கொட்டகையில் கொடுக்கும் குரல். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் படத்துக்குப் பின்பக்கம் போன மச்சான் தட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் மேல் மனைவி மோதி, மனைவி மேல் நான் மோதி எல்லோரும் நின்றோம்.

"மாப்ள, மாட்டுக்கு முதுகுல புல்லு மொளச்சிருக்கு."

படத்தின் பின்பக்கத்தை ஒரு தடித்த தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். நான் கொண்டு வந்தபோது அது முழுசாக இருந்தது. எத்தனையோ மழைக்காலமும் பூச்சியும் சேர்ந்து ஒரு ஓரத்தை அரித்திருந்தன. அந்தக் கிழிசலில் பச்சையாகத் தெரிந்தது. மச்சான் தாளைப் பிடித்து மெதுவாக உரித்தார். சட்டத்துக்குப் பின்னால், ஒரு ஜாண் அகலத்துக்குப் படத்தின் துணியே மடக்கி ஆணி அடிக்கப்பட்டிருந்தது. மடக்கிய இடத்திலும் படம் இருந்தது.

மகள் கீழே ஓடி பாயைக் கூட்டி வந்தாள். குறடோடு வந்தார்.

"இது எங்க தொழில்ல செய்றதுதாண்ணே" என்றார் ஒரு ஆணியைப் பிடுங்கிக்கொண்டே. "சட்டம் சின்னதா இருக்கும், படம் பெரிசா இருக்கும். சட்டத்த வெட்டினா வீணாப்போகும். படத்த மடிச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"நீங்களும் மடிச்சிருக்கீங்களா பாய்?"

"உங்க கல்யாணப் படத்துக்கு நான்தான் சட்டம் போட்டேன்" என்றார் பாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்றுவரை அதைத் திறந்து பார்க்கவும் இல்லை.

மனைவி இலையில் வைத்த பொங்கலுக்கு ஈ வராமல் ஒரு கையால் விசிறிக்கொண்டு, பாயின் குறடையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி ஆணி வந்தது. பாய் துணியை மடிப்பிலிருந்து மெல்ல விரித்தார். மடிப்பில் வண்ணம் கோடாக வெடித்திருந்தது. ஆனால் அந்த ஒரு ஜாண், புகையும் வெயிலும் படாமல், இன்று காலை அடித்த மாதிரி இருந்தது. நாங்கள் கரும்பழுப்பு என்று நினைத்ததெல்லாம் உண்மையில் பச்சை. தூங்குகிறவனின் தலைக்கு அந்தப் பக்கம், அவனுடைய தொப்பி. தொப்பிக்குப் பின்னால் ஏதோ ஒரு சின்னப் பிராணி. மூக்கு, ஒரு கண், ஒரு காதின் பாதி, புல்லில் மடக்கிய முன்னங்கால் ஒன்று. அதற்கு மேல் படமே முடிந்துவிட்டது. படம் போட்டவன் அவ்வளவுதான் போட்டிருந்தான்.

பசு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

"ஆட்டுக்குட்டி" என்றார் பாய். "பக்ரீதுக்குப் பக்ரீது பாக்குற மூஞ்சிதானே."

"க்வே" என்றாள் மகள், பர்மிய மொழியில். நாய் என்று அர்த்தம். "மேய்க்கறவர் பக்கத்துல நாய்தான்பா படுத்திருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டாள், அதுவும் பர்மிய மொழியில்தான்.

எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. முக்காலியைப் போட்டு, டார்ச்சை எடுத்துக் காதைப் பார்த்தேன். காது மடிந்திருந்தது. கன்றின் காது மடியுமா, ஆட்டின் காது மடியுமா, நாயின் காது மடியுமா? மூன்றும் மடியும்.

"அண்ணே" என்றாள் மனைவி. "நீ சொல்லு."

மச்சான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். பார்த்தார். பிறந்ததிலிருந்து கன்றுகளோடு இருந்தவர். அந்த மூக்கை, அந்தக் காலை, அவ்வளவு நேரம் பார்த்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னுதான்" என்றார் நிமிர்ந்து. "பொட்டக் கன்னு."

பாய் பிடுங்கிய ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். மூக்கையும் ஒரு முன்னங்காலையும் வைத்துப் பொட்டைக் கன்று என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்க என் நாக்கு துடித்தது. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளை ஒரு கையில் அடக்கிவிடலாம். அதில் இது ஒன்று.

மனைவி அண்ணனை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இலையை எடுத்து, துணி விரிந்து கிடந்த பக்கத்துக்கு நகர்த்தி வைத்தாள். "எங்க விட்டோம்?" என்றாள்.

"ரெண்டாவது சுத்து" என்றார் மச்சான். தட்டை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை பாயும் குறடோடு எங்களுக்குப் பின்னால் ஒரு சுற்று வந்தார். வழியை மறித்துக்கொண்டு நிற்பதைவிட அது சுலபம் என்றார்.

சாப்பிட்டு முடித்து மச்சானை வழியனுப்பப் படி இறங்கியபோது, கீழ்ப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"நெஜமாவே கன்னா மச்சான்?"

அவர் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். "நீங்க மூட்ட எண்ணுறப்ப நான் வந்து கேட்டிருக்கேனா?" என்றார். பிறகு, ஏறி உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கு எதிர்க் கடைக்கு நானே டப்பா கொண்டாறேன். கயித்தப் போட்டு வைங்க, ஒரு டப்பா ஏத்தி விடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தப் படம் எங்கள் சுவரில் இருந்தது. பாய் அந்த ஒரு ஜாணை மறுபடி மடிக்கவில்லை, மனைவி விடவில்லை. சட்டத்துக்கு வெளியே ஒரு அட்டை வைத்து நீட்டி ஒட்டிக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே மாடு தலையை நீட்டிய மாதிரி இருக்கும். மச்சான் வருஷா வருஷம் வந்து சுற்றினார். பழக்கத்தில் என் மகளும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டாள். நான் மட்டும் அவ்வப்போது, யாரும் இல்லாதபோது, டார்ச்சோடு அந்தக் காதைப் பார்ப்பேன். சில நாள் ஆடு. சில நாள், மகள் சொன்னதுதான் சரியோ என்று தோன்றும். ஒரு தடவை மனைவி பின்னால் வந்து நின்றது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு என்னா?" என்றாள்.

திடுக்கிட்டுத் திரும்பினேன். அவள் கேட்டது சமையலைப் பற்றி இல்லை. அவளும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடு மாதிரி இருக்கு" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றாள். சட்டத்தில் தொங்கிய சலங்கையின் தூசியை முந்தானையால் துடைத்தாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."